டோர்க் ரென்ச் வாங்கப் போகிறவர்கள் கவனம்: 18,500 ரூபாவுக்கு என் தலையில் கட்டிய பொய்

வீட்டிலேயே கார் வேலை பார்க்கிற நண்பர்களே, டோர்க் ரென்ச் (நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளவு வைத்து இறுக்கும் கருவி, அந்த அளவு வந்ததும் "டக்" என்று சத்தம் போடும்) வாங்கும் எண்ணம் இருந்தால் காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 18,500 ரூபா கொடுத்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது சத்தம் போடும் ஓர் இரும்புத் தடி. காசு போனதோடு முடிந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அதை நம்பி இறுக்கிய சக்கரத்தோடு அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை இறக்கத்தில் இறங்கியிருக்கிறேன். அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார்க் கடிதத்தில் அது இருக்கும். மலையகத்து நகரமொன்றில் சீமெந்து, பெயின்ட், தண்ணீர்ப் பம்பி, கைக்கருவிகள் என்று எல்லாம் விற்கிற பெரிய ஹாட்வெயார் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது பழைய விட்ஸ். அதன் சக்கர நட்டுகளுக்கு டொயோட்டா சொல்லும் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். நட்டை இறுக்கும்போது அது ஏறும் மரையாணி, அதாவது ஸ்டட், மயிரிழை அளவு இழுபடுகிறது. அந்த இழுவிசைதான் ரிம்மை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்துவைக்கிறது. இறுக்கம் குறைந்தால் ரிம் நகரத் தொடங்கும், நட்டு தானாகக் கழலும். கூடினால் ஸ்டட் எல்லை தாண்டி நீண்டு, ஒருநாள் முறியும். எங்கள் பாதைகளில் இறக்கம் முழுக்கப் பிரேக்கில் கால் இருக்கிறது, வளைவுக்கு வளைவு பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்கிறது. டயர் கடைகளிலோ காற்றுத் துப்பாக்கியை வைத்துக் கண்மண் தெரியாமல் இறுக்கி அனுப்புகிறார்கள். நடுவழியில் பஞ்சர் ஆனால் வீல் ஸ்பானரின் மேல் ஏறி நின்றாலும் நட்டு அசையாது. அதனால்தான் சொந்தமாக ஒரு டோர்க் ரென்ச் வேண்டும் என்று காசு சேர்த்தேன்.

அந்தக் கடைக்காரர் பேசிய பேச்சை மறக்க முடியவில்லை. "அண்ணே, நீங்கள் வேலை தெரிந்தவர். உங்களுக்கு நான் மலிவுச் சாமான் காட்டமாட்டேன்" என்று சொல்லித்தான் அந்தச் சிவப்புப் பெட்டியைத் திறந்தார். அரை அங்குலக் கருவி, 28 முதல் 210 நியூட்டன் மீற்றர் வரை. மூடியின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அளவுச் சான்றிதழ். டோர்க் ரென்ச்சுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6789க்கு உட்பட்டது, பிழை நான்கு சதவீதத்துக்குள் என்று அச்சடித்து, மூன்று அளவுகளில் சோதித்த எண்களும் கையெழுத்தும் இருந்தன. ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாவுக்கும் அங்கே ரென்ச் தொங்கியது. "அவற்றுக்குச் சான்றிதழ் கிடையாது அண்ணே, விலை குறைவதற்கு அதுதான் காரணம்" என்றார். மேசையோரத்து வைஸில் (இரும்பை அசையாமல் பிடிக்கும் இடுக்கி) கருவியை மாட்டி இழுத்து "டக்" என்ற சத்தத்தைக் கேட்கவைத்தார். பில்லின் பின்பக்கத்தில் தன் தொலைபேசி எண்ணைத் தானே எழுதி, "ஒரு வருடத்துக்குள் என்ன குறை என்றாலும் நேரே என்னிடம் வாருங்கள்" என்றார். இரும்புக்குக் கொடுத்த காசு இல்லை அது. அந்தக் கடதாசிக்கும் அந்த வார்த்தைக்கும்தான் 18,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன்.

முன்பக்கப் பிரேக் பேட்டுகளை மாற்றிவிட்டுச் சக்கரத்தைப் பூட்டினேன். மரையை எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, நட்டுகளை முதலில் கையால் ஓட்டி, காரைத் தரையில் இறக்கி, எதிரெதிர் நட்டுகளாக, பிடியின் நடுவில் பிடித்து மெதுவாக இழுத்தேன். நான்கிலும் "டக்" கேட்டது. கேட்டதும் நிறுத்தினேன். கைக்கு இலேசாகத்தான் இருந்தது. ஆனால் சான்றிதழோடு வந்த கருவி சொல்வதைத் தள்ளிவிட்டுக் கையை நம்புவதற்கா 18,500 ரூபா கொடுத்தேன்?

மறுநாள் விடியற்காலையில் அம்மாவுக்குக் கொழும்பில் கிளினிக். வட்டவளையைத் தாண்டியதும் இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து "டொக் டொக்" என்று ஒரு சத்தம். வளைவில் கூடியது, நேர்ப்பாதையில் அடங்கியது. பிறகு ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. கினிகத்தேனைக்கு மேலே ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். ஒரு நட்டு விரலால் தொட்டதும் சுழன்றது. அடுத்தது பாதி மரை வெளியே தெரிய நின்றது. நட்டு உட்காரும் துளையின் விளிம்பு தின்னப்பட்டு, சாம்பல் நிறத்தில் அலுமினியப் பொடி ரிம்மில் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அம்மா ஜன்னல் வழியாக "என்ன தம்பி, டயர் போய்விட்டதா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரில் கிடந்த வீல் ஸ்பானரால் இறுக்கிக்கொண்டு ஊர்ந்து ஊர் திரும்பினோம். கிளினிக் போயிற்று. அடுத்த திகதிக்கு ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும்.

புதிதாகப் பூட்டிய சக்கரத்தை 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் முப்பதுகூடப் போகவில்லை. போய்ச் சோதித்திருந்தால்தான் என்ன? அதே ரென்ச் அதே இடத்தில் "டக்" என்று சத்தம் போட்டுச் சரி என்றுதான் சொல்லியிருக்கும்! கருவியே இல்லாதவன் சந்தேகப்பட்டு இன்னொரு இழுப்பு இழுப்பான். என்னிடமிருந்து அந்தச் சந்தேகத்தையும் காசு வாங்கிக்கொண்டு பறித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சோதித்தேன். யாரும் செய்யலாம். ரென்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, தண்டைப் படுக்கையாக நிறுத்தினேன். முனையின் நடுவிலிருந்து 45 சென்ரிமீற்றர் அளந்து, பிடியில் கயிறு கட்டி வெறும் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கிலோவை 9.8ஆலும் மீற்றரில் உள்ள நீளத்தாலும் பெருக்கினால் நியூட்டன் மீற்றர் வந்துவிடும். ரென்சை 80இல் வைத்தால் கேனோடு சேர்த்து ஏறத்தாழ 18 கிலோ தொங்கும்போதுதான் அது சத்தம் போட வேண்டும். ரென்சின் சொந்த எடைக்காக ஒரு கிலோ தள்ளிக்கொள்ளுங்கள். இது 10 கிலோவிலேயே "டக்" என்றது. திரும்பவும் செய்தேன், 13இல் என்றது. அடுத்த முறை பத்துக்கும் கீழே. ஒரே அளவாகப் பிழை காட்டினாலாவது கணக்குப் போட்டுச் சமாளிக்கலாம். இது வாய்க்கு வந்ததைச் சொல்கிறது.

இனிக் கடைக்காரரின் கதை. பில்லில் எழுதித் தந்த எண் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நேரில் போனேன். "வேலை தெரிந்தவர்" என்று சொன்ன அதே வாயால், "உங்களுக்கு இறுக்கத் தெரியவில்லை சேர்" என்றார். அண்ணன் அன்றைக்கே சேர் ஆகிவிட்டேன். தண்ணீர்க் கேன் சோதனையை அவருடைய வைஸிலேயே செய்து காட்டுகிறேன் என்றேன், கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றார். முதலாளி கண்டிக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பிறகு ஒரு பையனை அனுப்பி, கொழும்பில் இறக்குமதி செய்தவர்களுக்கு அனுப்ப வேண்டும், கூரியர் செலவு உங்களுடையது என்று சொல்லவைத்தார்கள். கடைசியில் வெளியே வந்த முதலாளி, உத்தரவாதம் பிடி உடைந்தால் மட்டும்தான் என்றார். "வேண்டுமென்றால் அந்த 18,500க்குப் பெயின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். பெயின்டை வைத்துச் சக்கரத்தை இறுக்கவா?

அங்கே நின்றபோது தட்டில் இருந்த மற்றப் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே சான்றிதழ். அதே தொடரிலக்கம், அதே சோதனை எண்கள், கையெழுத்துக்குப் பக்கத்தில் அதே மைக்கறை. ஒன்றைப் போட்டோக் கொப்பி எடுத்து எல்லாவற்றிலும் செருகியிருக்கிறார்கள். என் ரென்சின் தண்டில் பொறித்திருக்கும் இலக்கம் வேறு. அதை முதலாளிக்குக் காட்டினேன். பதில் இல்லை. பையனைக் கூப்பிட்டுப் பெட்டிகளை உள்ளே எடுத்துவைக்கச் சொன்னார்.

இரண்டு ஸ்டட், நான்கு நட்டு, பழைய ரிம் ஒன்று, கராஜ் கூலி என்று அதற்கு மேலும் செலவு. அதையெல்லாம் விட்டாலும் 18,500 ரூபா என்பது எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை.

டோர்க் ரென்சை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தக் கோபத்தில் அது ஓடவில்லை. இதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் உள்ள இலக்கமும் தண்டில் பொறித்த இலக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தில் வைப்பதற்கு முன் தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள், மூன்று முறையாவது. நட்டைக் கழற்ற இதைப் பாவிக்காதீர்கள். வேலை முடிந்ததும் கருவிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள், அதற்கும் கீழே இறக்கவேண்டாம். முழு அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே எந்த "டக்" ரென்சையும் நம்பவேண்டாம். காசு குறைவென்றால் முள் காட்டும் பழைய மாதிரி ரென்ச் போதும். அதில் கெட்டுப்போக ஸ்பிரிங் இல்லை, முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பில்லை எறிந்துவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கடைக்காரர் "திங்கட்கிழமை வாருங்கள்" என்று இழுத்தடிப்பதெல்லாம் அந்த மூன்று மாதத்தைத் தின்னத்தான். என் கடிதம் பில்லின் பிரதியோடும் இரண்டு இலக்கங்களின் படங்களோடும் நாளைக் காலை பதிவுத் தபாலில் போகிறது.