மியூர் வுட்ஸ்: வீல்சேர்ல அப்பாவோட காட்டுக்குள்ள ஒரு மைல்

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியால இருக்கறவங்க, ஊர்லருந்து அப்பா அம்மா வந்தா கோல்டன் கேட் பாலத்துக்கு அடுத்து கூட்டிட்டுப் போற இடம் மியூர் வுட்ஸ்ங்கற ரெட்வுட் மரக்காடுதான். நாங்களும் போன மாசம் போனோம். அப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துடுச்சு, வீட்டுக்குள்ள வாக்கர் புடிச்சு நாலு எட்டு வைப்பாரு, வெளிய வந்தா வீல்சேர்தான். மரத்தப் பத்தி நெறய பேரு எழுதியாச்சு, நான் சக்கரத்தப் பத்தி எழுதறேன், ஏன்னா போறதுக்கு முன்னாடி நான் தேடினது அதத்தான்.

எனக்கு உள்ளுக்குள்ள பயம் இருந்துச்சு. போன வருஷம் ஊர்ல ஒரு மலைப் பக்கம் வீல்சேர் போகும்னு போர்டு போட்ட பார்க் ஒண்ணுக்குப் போனோம். கேட்ல சாய்தளம் நல்லாவே கட்டியிருந்தாங்க, அம்பது அடி உள்ள போனா மூணு கருங்கல் படி, அதுக்கப்புறம் ஜல்லி. "நீங்கல்லாம் பாத்துட்டு வாங்கம்மா, நான் கார்ல இருக்கேன்"னாரு அப்பா. ரெண்டு மணி நேரம் கார்லயே உக்காந்திருந்தாரு. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல.

மியூர் வுட்ஸ்ல மெயின் டிரெயில் கிட்டத்தட்ட சமதளம்தான், கொஞ்ச தூரம் தார், கொஞ்ச தூரம் மரப்பலகை நடைபாதை, பக்கத்துலயே ஓடை ஓடிட்டு இருக்கு. ஓடைக்கு குறுக்க நாலு பாலம் இருக்கு, ரெண்டாவது பாலத்துல திரும்பினா மொத்தம் அரை மைல், மூணாவதுல திரும்பினா ஒரு மைல். வீல்சேர் தள்றவங்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி, உள்ள போயிட்டா முழுசா முடிச்சுட்டுத்தான் வரணும்ங்கற கட்டாயம் இல்ல, அவருக்கு எப்ப அலுப்பா இருக்கோ அப்ப திரும்பிடலாம். ஒரே ஒரு விஷயம், ரெண்டாவது பாலத்துக்கிட்ட ஹில்சைட் டிரெயில்னு ஒண்ணு மேல ஏறும், அது வீல்சேருக்கு ஆகாது, அந்தப் பக்கம் திரும்பிடாதீங்க.

அந்தப் பலகை எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டப்பதான் எனக்கு இந்த இடம் இன்னும் புடிச்சுது. ரெட்வுட் 250 அடிக்கு மேல வளர்ற மரம், ஆனா அதோட வேர் பத்துப் பதிமூணு அடி ஆழத்துக்கு மேல போறதில்ல, பக்கவாட்டுலதான் படர்ந்து பக்கத்து மர வேரோட பின்னிக்கும். ஜனங்க மிதிக்க மிதிக்க மண்ணு இறுகிப்போயி வேருக்குத் தண்ணி இறங்காது. அதனால தரைய விட்டு கொஞ்சம் தூக்கிப் பலகை போட்டிருக்காங்க. மரத்தோட வேரக் காப்பாத்தற அதே பலகை மேலதான் எங்கப்பா சேரும் போகுது. சாய்தளம் கட்டினா காடு கெட்டுடும்னு சொல்றவங்க இங்க வந்து ஒரு தடவ பாக்கணும்.

அமெரிக்காவுல ஃபெடரல் நிலத்துல புதுசா போடற, மாத்திக் கட்டற நடைபாதைக்கு 2013லருந்து தனி விதி இருக்கு. அகலம் குறைஞ்சது 36 இன்ச், நூறு அடிக்கு அஞ்சு அடி வரைக்கும் ஏத்தம் இருக்கலாம், அதுக்கு மேலன்னா குறிப்பிட்ட தூரத்துக்குத்தான், அதுவும் நடுநடுல நின்னு மூச்சு வாங்க சமமான இடம் வேணும். பலகை இடுக்கு அரை இன்ச்சுக்கு மேல போகக்கூடாது. இந்த அரை இன்ச் எதுக்குன்னு தள்ளிப் பாத்தவங்களுக்குத்தான் புரியும், முன்னாடி இருக்கற சின்ன சக்கரம் இடுக்குல விழுந்தா சேர் டக்குனு நின்னுடும், உக்காந்திருக்கறவரு முன்னாடி சாய்ஞ்சுடுவாரு.

நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். டிக்கில வைக்க ஈஸியா இருக்கும்னு நாலு சக்கரமும் சின்னதா இருக்கற டிரான்ஸ்போர்ட் சேர எடுத்துட்டுப் போயிட்டேன், பலகை மேல போகும்போது தடதடன்னு அதிர்ந்து அப்பாவோட இடது தோள் வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. என் துப்பட்டாவ மடிச்சுக் கைக்கு அடியில குடுத்து சமாளிச்சோம். பின்னாடி பெரிய சக்கரம் இருக்கற சேர் எடுத்துட்டுப் போங்க. ஸ்வெட்டர், ஷால் கண்டிப்பா வேணும், தள்றவங்களுக்கு வேர்க்கும், ஆனா நிழல்ல அசையாம உக்காந்திருக்கறவங்களுக்கு நல்லா குளிரும்.

கார்ல போறதா இருந்தா பார்க்கிங் முன்கூட்டியே புக் பண்ணாம போகவே முடியாது, 2018லருந்து அப்படித்தான், ஊனம் உள்ளவங்க கார்ல மாட்டற டிசேபிள்டு பிளக்கார்டு இருந்தாலும் புக்கிங் வேணும். உள்ள போன் சிக்னல் கிடையாது, அதனால டிக்கெட்ட வீட்லயே டவுன்லோட் பண்ணிடுங்க. இது போக நுழைவுக் கட்டணம் பெரியவங்களுக்கு 15 டாலர். அந்தக் கட்டணம் இல்லாம உள்ள போக ஊனம் உள்ளவங்களுக்கு ஆயுசுக்கும் இலவச ஆக்ஸஸ் பாஸ் இருக்கு, ஆனா சிட்டிசன், கிரீன் கார்டுக்காரங்களுக்கு மட்டும், விசிட்டர் விசால வந்த அப்பாவுக்குக் கிடையாது. கடைசிக் கொஞ்ச தூரம் கொடைக்கானல் ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், வயித்தப் பிரட்டறவங்க மாத்திரை போட்டுட்டு வாங்க.

மூணாவது பாலத்துக்கு முன்னாடி ஒரு இடத்துல மரம் பாதைய ஒட்டியே நிக்குது. சேர பக்கவாட்டுல நிறுத்தி பிரேக் போட்டேன். அப்பா வலது கைய நீட்டி பட்டை மேல உள்ளங்கைய அழுத்தி வெச்சாரு, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்ல. "ஏம்மா, தேங்கா நாரு மாதிரியே இருக்கும்மா"ன்னாரு. நான் தொட்டுப் பாத்தேன், அப்படியேதான் இருந்துச்சு, மெத்து மெத்துன்னு, செம்பட்டையா, நாரு நாரா. அப்புறம் தலைய அண்ணாந்து மேல பாக்க முயற்சி பண்ணாரு, கழுத்து வரல, நான் பின்னாடி நின்னு சேர கொஞ்சமா சாய்ச்சுப் புடிச்சேன், அவரு தலை என் வயித்துல சாஞ்சுக்கிச்சு, ரெண்டு பேரும் உச்சியத் தேடிட்டு இருந்தோம்.

மழைக்காலத்துல கடல்லருந்து சால்மன் மீனுங்க இந்த ஓடையில ஏறி வரும்னு அங்க போர்டுல படிச்சாரு. ஜனவரி டிக்கெட் இப்பவே போடச் சொல்லிட்டாரு, நாலாவது பாலம் வரைக்கும் போகணுமாம்.