ஊட்நடாட்டா பாதைக்கு வாடகை ட்ரூப்பி: வண்டிக்கு முழு மதிப்பெண், ஒப்பந்தத்துக்கு அல்ல

தெற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தில் சில நாள் சுற்றி, அங்கேயே சமைத்து அங்கேயே தூங்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் எல்லோரும் முதலில் செய்வது வரைபடத்தைத் திறந்து கோடு போடுவதுதான். என் கருத்து வேறு. சொந்த வண்டி இல்லாதவர்கள் முதலில் வாடகை நிறுவனத்திடம் ஒப்பந்தத்தின் முழு வடிவத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிப் படியுங்கள், வரைபடம் அப்புறம். நீங்கள் எங்கே போகலாம் என்பதைப் பாதையைவிட அந்தக் காகிதம்தான் தீர்மானிக்கிறது.

நாங்கள் எடுத்தது டொயோட்டா லேண்ட் க்ரூஸர் ட்ரூப் கேரியர், அங்கே எல்லோரும் ட்ரூப்பி என்று சொல்லும் வண்டி, 4.5 லிட்டர் வி8 டீசல், கூரை மேலே தூக்கித் திறக்கும் கேம்பராக மாற்றியது. நானும் மனைவியும் மட்டும். போனது ஊட்நடாட்டா பாதை, மர்ரீயிலிருந்து மார்லா வரை போகும் மண் சாலை. அடிலெய்டில் கிளம்பி மர்ரீ, வில்லியம் க்ரீக், ஊட்நடாட்டா, அங்கிருந்து வடக்கே டால்ஹவுஸி ஊற்று, திரும்ப ஊட்நடாட்டா வந்து மார்லா, பிறகு ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கூபர் பீடி வழியாக வீடு. வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரி வண்டியைப் பல நிறுவனங்கள் வாடகைக்கு விடுகின்றன, எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? மண் பாதையில் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஊருக்கு வெளியே பொழுது சாய்ந்த பிறகு ஓட்டக் கூடாது, மீறினால் காப்பீடு செல்லாது. தண்ணீரில் இறக்கி வரும் சேதம், வண்டியின் அடிப்பகுதியில் வரும் சேதம், வண்டி தானாகக் கவிழ்வது, இவை எதுவும் காப்பீட்டில் வராது. ஊட்நடாட்டா பாதைக்கு அனுமதி உண்டு, டால்ஹவுஸிக்கு எழுத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும், சிம்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடப்பதற்கு அனுமதியே கிடையாது. நடுவழியில் நின்றுவிட்டால் இழுத்து வரும் செலவு நம்முடையது, அந்தப் பகுதியில் அது சில ஆயிரம் டாலர்களைச் சாதாரணமாகத் தாண்டும். சிம்சனில் 1,100-க்கு மேல் மணல் மேடுகள், பெர்ட்ஸ்வில் பக்கம் பிக் ரெட் மட்டுமே சுமார் 40 மீட்டர் உயரம், அதில் வாடகை வண்டியை விட ஒரு நிறுவனம் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் இதை முன்பணம் கட்டும் முன்பே முகப்புப் பக்கத்தில் சொல்ல வேண்டும். விளம்பரப் படத்தில் வண்டி மணல் மேட்டின் உச்சியில் நிற்கிறது, தடை மட்டும் பதினைந்தாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. இது சரியில்லை.

இரவில் ஓட்டக் கூடாது என்ற விதியை மட்டும் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வழியெல்லாம் வேலியில்லாத பெரும் பண்ணைகள், மாடுகள் சாலையிலேயே படுத்துக்கிடக்கும், சாயங்காலம் ஆனால் கங்காருக்கள் எங்கிருந்து பாயும் என்று தெரியாது. குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு 250 கி.மீ. என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். நகரத்துக் கணக்கில் 500 கி.மீ. என்று எழுதிக்கொண்டு கிளம்பினால் நின்று பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

இனி வண்டி. ட்ரூப்பியை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் டீசல் தொட்டி. 90 லிட்டர் தொட்டி இரண்டு, மொத்தம் 180 லிட்டர். நாங்கள் ஓட்டிய விதத்தில் 100 கி.மீ.க்கு 14 லிட்டர் போனது, மோசமான இடங்களில் இன்னும் கொஞ்சம் கூடியது. ஊட்நடாட்டா பாதை முழுதும் ஏறக்குறைய 620 கி.மீ., நடுவே வில்லியம் க்ரீக்கிலும் ஊட்நடாட்டாவிலும் டீசல் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் இடையே 200 கி.மீ. சொச்சம். இது எந்த வண்டிக்கும் பெரிய சவால் இல்லை. டால்ஹவுஸியைச் சேர்க்கும்போதுதான் கணக்கு மாறுகிறது: ஊட்நடாட்டாவிலிருந்து போக 180, வர 180, பிறகு மார்லாவுக்கு 210, கிட்டத்தட்ட 570 கி.மீ. டால்ஹவுஸியில் டீசல் இல்லை, இன்னும் 70 கி.மீ. தள்ளி மவுண்ட் டேர் போனால்தான் உண்டு. சிறிய தொட்டி உள்ள வண்டி என்றால் கூரையில் டீசல் கேன்களைக் கட்ட வேண்டியிருக்கும், அது வண்டியின் எடையை மேலே ஏற்றிக் கவிழும் ஆபத்தைக் கூட்டும். ட்ரூப்பியில் அந்தக் கவலை இல்லை, ஊட்நடாட்டாவில் நிரப்பிவிட்டு நிம்மதியாகப் போய் வரலாம்.

சொகுசு எதிர்பார்க்காதீர்கள். பின்னால் லீஃப் ஸ்பிரிங், காலியாக ஓட்டினால் தூக்கிப் போடும், சாமான் ஏறியதும் அடங்கிவிடும். திருப்புவதற்குப் பெரிய வட்டம் வேண்டும். முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் பின் சக்கரங்களைவிட அதிகம் என்பதால் ஆழ்ந்த மணலில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே போகாது, புதுத்தடம் போடும், அதனால் மணல் வண்டியைப் பிடித்து இழுப்பது கூடும். நாங்கள் போன பாதையில் அது பிரச்சினையாகும் அளவுக்கு மணல் இல்லை. இந்த வண்டியில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. கிளட்ச், ஐந்து கியர், கடினமான இடத்தில் மெதுவாக, அதிக விசையோடு ஓட்டக் கையால் மாற்றும் லோ ரேஞ்ச், அவ்வளவுதான். அந்தப் பகுதியில் பண்ணைக்காரர்களும் சுரங்கக்காரர்களும் தலைமுறையாக ஓட்டும் வண்டி என்பதால் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளும், உதிரி பாகமும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தூசிக்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். பின் கதவு ரப்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிவப்புத் தூசி உள்ளே வரும். மின்விசிறியை வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் வேகமாக வைத்துக் கண்ணாடிகளை மூடிவிட்டால் உள்ளே காற்றழுத்தம் கூடித் தூசி வருவது நன்றாகக் குறைகிறது. எதிரே வண்டி கடக்கும் அந்த அரை நிமிடம் மட்டும் உள்காற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தூங்கும் ஏற்பாடு நன்றாகவே இருந்தது. கூரையைத் தூக்க ஒரு நிமிடம், மேலே இருவருக்குப் படுக்கை, கீழே சாமான். கூடாரம் அடித்துப் பிரிக்கும் வேலை இல்லாததால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் மிச்சமானது. ஆனால் பக்கச் சுவர் வெறும் கேன்வாஸ். ஜூன், ஜூலையில் பாலைவன இரவு உறைநிலை வரை இறங்கும், நிறுவனம் கொடுத்த மெல்லிய போர்வை அதற்குப் போதாது, நல்ல ஸ்லீப்பிங் பேக் சொந்தமாகக் கொண்டுபோங்கள். இரண்டாவது பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் குளிர்பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

டயர் பற்றித்தான் இங்கே நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணம் கெட்டுப் போவதென்றால் பெரும்பாலும் டயரால்தான் போகும். ஊட்நடாட்டாவுக்கு வடக்கே நிலம் முழுக்கக் கிப்பர் என்று சொல்லும் கூர்மையான கற்கள், மைல் கணக்கில் வேறொன்றும் கிடையாது. தார்ச் சாலையில் 40 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டிய டயரை அப்படியே இதில் விட்டால் கல் குத்திக்கொண்டு உள்ளே போகும். 28-க்குக் குறைத்தால் ரப்பர் கல்லின் மேல் மடங்கி ஏறி இறங்கும், வண்டி அதிர்வதும் குறையும். குறைத்த காற்றில் வேகம் வைத்தால் டயர் சூடேறிக் கிழியும், ஆகவே காற்று குறைத்தால் வேகமும் குறைய வேண்டும், இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். இதற்குக் காற்றழுத்தமானியும் ஏர் கம்ப்ரசரும் கட்டாயம். கம்ப்ரசர் வண்டியோடு வருகிறதா, தனி வாடகையா என்று கேளுங்கள்.

ஸ்டெப்னி இரண்டு வேண்டும், ஒன்று போதாது. ஒப்பந்தத்தில் இரண்டு என்று போட்டிருந்தது, இருந்ததும் இரண்டுதான். ஆனால் வண்டியை எடுக்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம், டயர் தயாரான தேதி அது. ஒரு ஸ்டெப்னி பத்து வயதைத் தாண்டியது, ஓரத்தில் வெடிப்பு வேறு. கேட்டதற்கு, "அது அவசரத்துக்குத்தானே" என்று கவுன்ட்டரில் பதில். அவசரத்துக்கு என்பதால்தான் அது நல்ல டயராக இருக்க வேண்டும், பக்கத்து ஊர் 200 கி.மீ. தள்ளி இருக்கும் இடத்தில் அதைத்தானே நம்பி ஓட்டப் போகிறோம். நான் விடவில்லை, அரை நாள் தாமதமாகி வேறு டயர் மாட்டிக் கொடுத்தார்கள். வண்டியை ஒப்படைக்கும் நேரத்தில் ஜாக்கியை எங்கே வைப்பது, லோ ரேஞ்ச் எப்படிப் போடுவது என்று காட்டவும் ஆளுக்கு அவசரம். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் வளாகத்திலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். டால்ஹவுஸி போகும் வழியில் ஒரு பஞ்சர் ஆனது, அந்தப் புது ஸ்டெப்னிதான் மார்லா வரை வந்தது.

தொடர்புக்கு: பாதையின் பெரும்பகுதியில் செல்பேசி வேலை செய்யாது, ஊர்களில் மட்டும் கிடைக்கும். வண்டியில் யு.எச்.எஃப். ரேடியோ இருந்தது, பெரிய லாரி எதிரே வரும்போது பேசிக்கொள்ள அது போதும், உதவிக்கு அழைக்க அது போதாது. சாட்டிலைட் போன் வாடகைக்கு எடுத்தோம். ஆபத்தில் அழுத்தினால் சாட்டிலைட் வழியாக நம் இருப்பிடத்தைச் சொல்லி உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் பி.எல்.பி. கருவி ஒன்றும் சட்டைப் பையில் இருந்தது. அந்தக் கருவியை வண்டியில் வைக்காமல் உடம்பில் வையுங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் முதல் விதி, மேலேயிருந்து தேடுபவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் கண்ணில் படும்.

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 10 லிட்டர் கணக்கு, அதற்கு மேல் சில நாளுக்கு உபரி. ஒரே தொட்டியில் வைக்காமல் நான்கைந்து கேன்களில் பிரித்து வைத்தோம், ஒன்று ஓட்டையானால் எல்லாம் போகாது. சாப்பாட்டில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்த ரவை, ஒரு சின்ன குக்கர். சோறு வடித்தால் புளியோதரை, இல்லையென்றால் உப்புமா, கழுவ ஒரே பாத்திரம். தண்ணீரையும் கேஸையும் இவ்வளவு மிச்சப்படுத்தும் சமையலை நான் வேறு பார்க்கவில்லை.

இத்தனை ஏற்பாடும் எதற்கு என்றால் அந்த இடங்களுக்காக. 1872-ல் முடிந்த தந்திக் கம்பித் தடமும், 1980-ல் கைவிடப்பட்ட பழைய கான் ரயில் பாதையும் இந்தச் சாலையோடு கூடவே வருகின்றன, காரணம் தண்ணீர். பூமிக்கடியில் உள்ள பெரும் ஆர்ட்டீசியன் படுகையிலிருந்து நீர் இந்த வரிசையில் தானாக மேலே வருகிறது, இப்பகுதியின் பூர்வகுடிகளான அரபானா மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த ஊற்றுகளை ஒட்டியே நடந்திருக்கிறார்கள். பப்ளர் ஊற்றில் மணல் கொப்பளித்துக்கொண்டே இருப்பதை நின்று பாருங்கள். கவர்ட் ஸ்பிரிங்ஸில் பழைய ரயில் கட்டைகளால் கட்டிய தொட்டியில் ஊற்று நீரில் உட்காரலாம், முகாமிடவும் அருமையான இடம். அல்கபக்கினா ரயில் பாலம் 1892-ல் கட்டியது, 578 மீட்டர் நீளம், சுற்றிலும் வறண்ட ஆற்றுப் படுகை. கட்டி தண்டா ஏரியைக் கரையிலிருந்து பாருங்கள், உப்புப் படுகையில் இறங்காதீர்கள், அது அரபானா மக்களுக்குப் புனிதமான இடம். டால்ஹவுஸியில் 34 முதல் 38 டிகிரி வரை இளஞ்சூட்டில் ஒரு குளமே இருக்கிறது, நாள் முழுதும் ஓட்டி அதிர்ந்த உடம்புக்கு அதற்கு ஈடு எதுவும் இல்லை, இருட்டுவதற்குள் கொசுவுக்கு மட்டும் முழுக்கை போட்டுக்கொள்ளுங்கள். டால்ஹவுஸி விட்ஜிரா தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, நாள் வாடகையை மட்டும் பார்த்து நிறுவனங்களை ஒப்பிடாதீர்கள். விபத்தானால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையைக் குறைக்கத் தனிக் கட்டணம், சாட்டிலைட் போன், கம்ப்ரசர், இரண்டாவது ஸ்டெப்னி, கிலோமீட்டர் வரம்பு, திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணம், எல்லாம் சேர்த்தால் மலிவாகத் தெரிந்த நிறுவனம் விலை கூடியதாகிவிடும். எங்களுக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்தபின் வைப்புத்தொகை திரும்ப வர வாரக்கணக்கில் ஆனது, இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. கூரையிலும் வண்டியின் அடியிலும் எடுக்கும்போதே படம் எடுத்து வைத்திருந்ததால் புதிதாக ஒரு கீறலும் இல்லை என்று காட்ட முடிந்தது.

கடைசியாக மழை. கொஞ்சம் மழை பெய்தாலே மண் களியாகி அரசு பாதையை மூடிவிடும், மூடிய பாதையில் ஓட்டினால் அபராதம், ஒப்பந்தமும் முறியும். நீங்கள் வில்லியம் க்ரீக்கிலோ ஊட்நடாட்டாவிலோ மாட்டிக்கொண்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை யார் தலையில் என்பதை மட்டும் முன்பணம் கட்டும் முன்பு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அது முழுக்க வாடிக்கையாளர் தலையில்தான். அதனால் பயணத்தின் முடிவில் ஓரிரு நாளைக் காலியாக விட்டுத்தான் திட்டம் போட்டோம், அந்த நாட்களைக் கூபர் பீடியில் செலவழித்தோம்.