பகடையே இல்லாத பாத்திர விளையாட்டு: குளூம்ஹேவன் – ஜாஸ் ஆஃப் தி லயன்

ஆளுக்கொரு வீரரின் பாத்திரத்தை ஏற்று, ஒரே அணியாக எதிரிகளோடு மோதும் பலகை விளையாட்டு இது. கதை நடத்த தனியாக ஒருவர் தேவையில்லை. 1 முதல் 4 பேர், நான்கு பாத்திரங்கள், 25 களங்கள் (ஒவ்வொன்றும் ஒரு தனி மோதல்). புத்தகத்தை விரித்தால் அந்தப் பக்கமே வரைபடம். அட்டைத் துண்டுகளைத் தேடி அடுக்கும் வேலை மிச்சம்.

ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அட்டைகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றின் மேல்பாதியையும் மற்றதன் கீழ்ப்பாதியையும் பயன்படுத்த வேண்டும். பகடைக்குப் பதில் ஆளுக்கு 20 அட்டைகள் கொண்ட தாக்குதல் கட்டு: தாக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒன்றை எடுத்தால், அடியின் பலம் கூடும் அல்லது குறையும். கை அட்டைகள்தான் உங்கள் மூச்சு. ஓய்வெடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று தொலையும். இரண்டு அட்டை எடுக்கவும் முடியாமல், ஓய்வெடுக்கவும் வழியில்லாமல் போனால் வெளியேற வேண்டியதுதான். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: பளபளப்பான 'இழப்பு' அட்டையை (ஒருமுறை பயன்படுத்தினால் தொலைந்துபோகும் வலிமையான அட்டை) முதல் சுற்றிலேயே வீசிவிடுவார்கள். பத்து அட்டைப் பாத்திரத்துக்கு அது ஏறத்தாழ நான்கு சுற்று நஷ்டம். கடைசி அறைக்கு வைத்திருங்கள்.

அடியை இரண்டு மடங்காக்கும் இரட்டிப்பு அட்டையோ, அடியை வீணாக்கும் வெற்று அட்டையோ வந்த சுற்றின் முடிவில் தாக்குதல் கட்டைக் கலைத்துப் போட மறப்பது இன்னொரு வழக்கமான தவறு.

முதல் 5 களங்கள் விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகின்றன, தாண்டிப் போகாதீர்கள். பேசி நடிப்பதற்கு மட்டும் இடம் குறைவு. நகர நிகழ்வு அட்டைகளில் இரண்டில் ஒன்றைத் தேர்வதோடு சரி. வசனம் பேச ஆசைப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது. போர்த்தந்திரப் பிரியர்களுக்குத் தீனி.