மிதக்கும் பிரிட்ஜ்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் கிதார் பழுதுபார்த்துத் திரும்பிவந்த வாரத்தில்தான் நண்பர் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஸ்டீவ் வை, ஜோ சாட்ரியானி என்ற ராக் கிதார்க் கலைஞர்கள் இருவரையும் என்னைப் போலவே விடாமல் கேட்பவர் அவர். முதன்முதலாக ஓர் எலெக்ட்ரிக் கிதார் வாங்கப் போகிறார். வாங்குவதுதான் வாங்குகிறோம், ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் உள்ளதாகவே வாங்கிவிடலாமே என்பது அவர் எண்ணம். பிரிட்ஜ் என்பது கிதாரின் உடலில் தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் அமைப்பு. ஃபிளாய்ட் ரோஸில் அது அசையாமல் பதிந்திருக்காது, மிதந்து நிற்கும். அதில் செருகிய வாமி பார் என்ற கம்பியை அழுத்தினால் சுருதி இறங்கும், மேலே இழுத்தால் ஏறும். தந்தியின் இரு முனைகளையும் பிடிக்கும் இரட்டைப் பூட்டு, 24 ஃபிரெட் (விரல் பலகையின் குறுக்குக் கம்பிகள்) போன்ற விவரங்களையெல்லாம் அவரே கரைத்துக் குடித்திருக்கிறார். அந்த பிரிட்ஜை ஆண்டுக்கணக்கில் வைத்து வாசித்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தந்தி அறுந்தால் ஆறும் போயிற்று. சாதாரண கிதாரில் மீதி ஐந்தை வைத்துச் சமாளித்துப் பாட்டை முடித்துவிடலாம். இதில் நடக்காது. பிரிட்ஜ் இரண்டு ஆணிகளின் மேல் கத்திமுனை போன்ற விளிம்பால் நிற்கிறது. முன்பக்கம் தந்திகள் இழுக்கின்றன, உடலுக்குள்ளே ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. 9–42 என்ற மெல்லிய அளவுத் தந்திகளே எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். தராசுத் தட்டிலிருந்து ஒரு படிக்கல்லை எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். தந்தி அறுந்த கணமே ஸ்பிரிங்குகளின் கை ஓங்கி, பிரிட்ஜ் பின்னால் சாய்ந்து, மிச்சமுள்ள ஐந்தும் சுருதி ஏறிக் கிறீச்சிடுகின்றன.

சரி, புதுத் தந்தி மாட்டுவோம் என்று உட்கார்ந்தால் வேலை இன்னும் இருக்கிறது. தந்தியின் குண்டுமுனையைக் குறடால் வெட்ட வேண்டும். வெட்டிய முனையை பிரிட்ஜில் செருகி ஆலன் சாவியால் முறுக்க வேண்டும். முதல் தந்தியைச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் ஆறாவது இறங்கியிருக்கும். ஆறாவதை ஏற்றினால் மூன்றாவது இறங்கும். இப்படிச் சுற்றிச்சுற்றி வந்து ஒருவழியாக எல்லாம் சேர்ந்த பிறகு, கிதாரின் கழுத்து முனையில் உள்ள பூட்டுகளை இறுக்கும்போது சுருதி இம்மியளவு ஏறிவிடும். அதற்குத்தானே பிரிட்ஜில் நுண்திருகுகள் இருக்கின்றன என்று அவற்றைத் திருப்பினால், அதில் ஒன்று ஏற்கெனவே கடைசிவரை திருகப்பட்டிருக்கும். மறுபடியும் பூட்டைக் கழற்றி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். பூட்டுவதற்கு முன் நுண்திருகுகளை நடுவில் நிறுத்திக்கொள்வதும், தந்திகளை ஒவ்வொன்றாக மட்டுமே மாற்றுவதும், பிரிட்ஜின் அடியில் மடித்த துணியைத் திணித்து அசையாமல் நிறுத்துவதும் இந்தத் துன்பத்தைக் குறைக்கும். ஒழிக்காது.

இந்த முறை வந்த பழுது வேறு. வாமி பாரை அழுத்திவிட்டால் பிரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மென்மையான உலோகத்தில் செய்த மலிவான நகல் பிரிட்ஜ் என்னுடையது. ஆணியோடு உரசி உரசிக் கத்திவிளிம்பு மழுங்கிவிட்டது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்பிரிங் குழிக்குள் ஒரு மரக்கட்டையை அடித்து இறுக்கி, பிரிட்ஜை அசையவே முடியாமல் செய்து, இனிமேல் சுருதி விலகவே விலகாது என்று பெருமையோடு கொடுத்தார்கள். விலகாதுதான், ஆனால் அந்த கிதாரை நான் எதற்காக வைத்திருக்கிறேனோ அதுவும் அதோடு போய்விட்டதே!

நியாயமாகப் பார்த்தால் கட்டை வைப்பது தவறான வழி அல்ல. தெரிந்தே அப்படி வைத்துக்கொள்ளும் நல்ல கலைஞர்கள் உண்டு. ராக் கிதார்க் கலைஞர் எடி வான் ஹேலனே தன் பிரிட்ஜைக் கிதாரின் உடலோடு ஒட்டி அமர்த்தி, கீழ்நோக்கி மட்டும் இயங்குமாறு வைத்திருந்தார். தந்தி அறுந்தாலும் பிரிட்ஜ் பின்னால் சாய முடியாது, மற்றவை நிலையாக நிற்கும். அது அவர் தேர்ந்தெடுத்த வழி. எனக்காக வேறொருவர் தேர்ந்தெடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடினமாக்கிய எஃகில் செய்த அடித்தகடும் ஆணிகளும் வாங்கி நானே பொருத்தினேன்.

பொருத்தி முடித்ததும் மூன்றாவது தந்தியில் ஒரு ஹார்மோனிக்ஸ் (தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணி போன்ற ஒலி) தட்டி, வாமி பாரின் நுனியை விரலால் சுண்டிவிட்டேன். ஸ்பிரிங்குகளின் மேல் பிரிட்ஜ் முழுவதும் துடிக்க, அந்த ஒற்றை ஸ்வரம் தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல் குழறியது. இந்த ஒலி அசையாத பிரிட்ஜில் எந்த விலை கொடுத்தாலும் வராது. பாரை மெல்ல அழுத்தி, ஸ்வரத்தை அரை இடம் இறக்கி, மறுபடி ஏற்றி நிறுத்தும்போது அது முழுக் கமகம். எல்லா எரிச்சலையும் அந்த நேரத்துக்கு மன்னித்துவிடுவேன்.

இந்த பிரிட்ஜ் என் காதையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் வேகத்தை வைத்தே கிதார்க் கலைஞர்களை எடைபோடுவேன். இப்போது ஒரு நீண்ட ஸ்வரத்தை அவர் என்ன செய்கிறார் என்றுதான் கேட்கிறேன். இங்வே மால்ம்ஸ்டீனின் 1984 ஆல்பத்தில் சரமாரியாகக் கொட்டும் ஸ்வரங்கள் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிட்டன. ஆனால் ஓடி முடித்து ஓர் உச்ச ஸ்வரத்தில் நின்று விரலாலேயே அதை அகலமாக அசைப்பார் பாருங்கள், அது இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பதால் அவர் விரல் பலகையைத் தொடுவதில்லை, தந்தியை மட்டுமே தொடுகிறது.

சாட்ரியானி கிதாரிலேயே பாடுபவர். 1989-ல் வந்த ‘ஃபிளையிங் இன் எ புளூ ட்ரீம்’ லிடியனில் மிதந்து போகும். லிடியன் என்பது நம் கல்யாணியின் ஸ்வரங்கள்தான். கேட்டுப் பழகிய காதுக்கு அந்தப் பிரதி மத்திமம் உடனே பிடிபடும். அவருடைய மாணவரான வை அதற்கும் அப்பால் போனார். 1987-ல் அவருக்காக ஐபனெஸ் செய்த ஜெம் கிதாரில், பாரை மேல்நோக்கி நன்றாக இழுப்பதற்கென்றே பிரிட்ஜுக்குப் பின்னால் மரத்தைக் குடைந்திருக்கிறார்கள். 1990-ல் வெளிவந்த ‘ஃபார் தி லவ் ஆஃப் காட்’ கேளுங்கள். வேகமான பகுதிகளைத் தள்ளிவிட்டு, தொடக்கத்து மெல்லிசையை மட்டும் கேட்டாலும் போதும்.

இவர்கள் அனைவருக்கும் மேலே நான் வைப்பது ஜெஃப் பெக்கை. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதாக இல்லை. பல்கேரியப் பெண்களின் கூட்டுப்பாடல் தந்த தாக்கத்தில் 1989-ல் அவர் வாசித்த ‘வேர் வேர் யூ’ என்ற துண்டில், ஹார்மோனிக்ஸைத் தட்டிவிட்டு வாமி பாரை வைத்தே மெட்டின் ஸ்வரங்களைப் பிடிக்கிறார். ஃபிரெட் என்ற துணையே இல்லாமல் சுருதி பிசகாமல் இறங்குகிறது ஒவ்வொன்றும். ஃபிளாய்ட் ரோஸ் பூட்டுகள் எதுவும் இல்லாத ஸ்ட்ராடோகாஸ்டர் கிதார் அது. தந்தியை மீட்டும் பிக்கும் கிடையாது, வெறும் விரல்கள். 2023 ஜனவரியில் அவர் இறந்த செய்தி வந்த இரவு இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படங்களிலும் இப்போது என் கண் பிரிட்ஜுக்குத்தான் போகிறது. எனக்கு மிகப் பிடித்தது வால்டர் ஹில் இயக்கிய ‘கிராஸ்ரோட்ஸ்’. 1986-ல் வந்தது. இறுதிப் போட்டியில் சாத்தானின் கிதார்க்காரன் ஜாக் பட்லராக வருபவர் ஸ்டீவ் வை. எதிரே டெலிகாஸ்டர் கிதாரோடு நடிகர் ரால்ஃப் மாச்சியோ. பட்லர் வாமி பாரை அழுத்தி உறும வைக்கிறான், அலற வைக்கிறான், முகத்தில் அத்தனை திமிர். வயலின் மேதை பகனினியின் 5-ஆவது கேப்ரிஸ் என்ற வயலின் துண்டை ஒட்டி அமைந்த வாசிப்பால் மாச்சியோ வெல்கிறான். அதற்குப் பதில் சொல்ல முயன்று, உச்ச ஸ்வரம் பிடிபடாமல், பட்லர் கிதாரைக் கீழே போட்டுவிட்டு நகர்கிறான். மாச்சியோவுக்காக தந்திமேல் குழாயைச் சறுக்கி வாசிக்கும் ஸ்லைடு பகுதிகளை வாசித்தவர் ரை கூடர். ஆனால் அந்த வெற்றி வாசிப்பு வையினுடையது. அவரே வாசித்து அவரையே தோற்கடித்திருக்கிறார்.

டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் அசையாதது. அசையும் பிரிட்ஜ் சாத்தானிடமும் அசையாத பிரிட்ஜ் நல்லவனிடமும் இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் கோபமூட்டுகிறது. அந்தக் காட்சியிலேயே உயிருள்ள ஒலி பட்லரின் உறுமல்தான் என்பேன்.

‘உட்ஸ்டாக்’ ஆவணப்படத்தில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்கும் பகுதியையும் பாருங்கள். பூட்டே இல்லாத பிரிட்ஜில் குண்டுவீச்சையும் சைரனையும் எழுப்புகிறார். தந்தி சுருதி விலகினால் வாசித்துக்கொண்டே பிரடையைத் திருகிச் சரிசெய்யக்கூடியவர் அவர். அத்தகைய வாசிப்பை விரும்பிய ஃபிளாய்ட் ரோஸ் என்ற கிதார்க்காரர் 1970-களின் பிற்பகுதியில் தந்தியின் இரு முனைகளையும் பூட்ட வழி கண்டுபிடித்து, 1979-ல் காப்புரிமையும் பெற்றார். ‘இட் மைட் கெட் லவுட்’ ஆவணப்படத்தின் தொடக்கத்தில் ராக் கலைஞர் ஜாக் வைட் ஒரு பலகை, சில ஆணிகள், ஒரு பாட்டில், ஒரே தந்தி இவற்றை வைத்துக் கருவி செய்து முழங்க வைக்கிறார். அதில் சுருதி கெட மீதித் தந்திகளே இல்லை!

நண்பரே, என் பதில்: வாங்க வேண்டாம். அசையாத பிரிட்ஜ் உள்ள கிதாரை வாங்குங்கள். ஸ்வரத்தை விரலால் அசைக்கவும் தந்தியை வளைத்துச் சரியான சுருதியில் நிறுத்தவும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியை வளைத்தாலே மற்றவை இறங்கும். உள்ளங்கையைச் சற்று அழுத்தி வைத்தாலே எல்லாம் ஏறும். கற்கத் தொடங்குகிற காதை அது குழப்பிவிடும். பெக்கைப் பற்றி இவ்வளவு உருகியவன் இப்படிச் சொல்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நேற்றிரவும் முதல் தந்தி அறுந்தது. அந்த மனநிலையில்தான் எழுதுகிறேன்.

கேட்கமாட்டேன், இதைத்தான் வாங்குவேன் என்றால், வாங்குமுன் பாரைத் தந்திகள் தொங்கும்வரை அழுத்தி விடுங்கள். முதல் தந்தி அதே சுருதிக்குத் திரும்புகிறதா என்று கேளுங்கள். திரும்பாவிட்டால் கத்திவிளிம்பைப் பாருங்கள். ஆணிகளின் உயரத்தை மாற்றுவதானால் தந்திகளைத் தளர்த்திவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் விளிம்பு தேயும். குறடும் ஆலன் சாவியும் எப்போதும் கிதார்ப் பையிலேயே இருக்கட்டும். என்றைக்காவது பழுதுபார்க்கக் கொடுத்தால், உள்ளே கட்டை வைக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.