பழைய வீட்டு எர்த்துக்கு மூன்று விளக்கு ரெஸ்ரர்: பட்டன் உள்ளதையே வாங்குங்கள்

13 அம்பியர் பிளக்கின் உருவத்தில், முதுகில் மூன்று சின்ன விளக்குகளோடு வரும் சொக்கற் ரெஸ்ரர் இப்போது யாழ்ப்பாணத்து எலக்ரிக் கடைகளில் கிடைக்கிறது. விளக்கு மட்டும் உள்ளது ஒரு வகை. ரிப் சுவிச்சை (போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமில்லாவிட்டால் தானாக விழுகிற சுவிச்) சோதிக்கும் பட்டனும் சேர்ந்தது மற்ற வகை. பழைய வீட்டுக்கு முதல் வகை ஏறக்குறைய வீண்காசு. இரண்டாவது, பாவிக்கத் தெரிந்தால் நல்ல சாமான்.

உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. லைனுக்கும் (கரண்ட் வரும் வயர்) நியூற்றலுக்கும் (அது திரும்பிப் போகும் வயர்) இடையில் ஒரு விளக்கு, லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒன்று, நியூற்றலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒன்று. ஒவ்வொன்றோடும் ஒரு தடையி. முதல் இரண்டும் எரிந்து மூன்றாவது அணைந்திருந்தால் இணைப்புச் சரி என்று அர்த்தம். இரண்டாவது எரியாமல் மூன்றாவது எரிந்தால் லைனும் நியூற்றலும் மாறிக் கிடக்கிறது. சுண்ணாம்பும் தூசியும் பிடித்துச் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ஒரே நிறமாகிவிட்ட, பிளக் செருகும் பொயின்ற்களில் இது சாதாரணம். முதலாவது மட்டும் எரிந்தால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அந்தப் பொயின்ற்றுக்கு எர்த் இழுக்கப்படவே இல்லை. எங்கும் சேராத எர்த் கம்பி லைன் வயரோடு ஒரே குழாயில் நீளத்துக்கு ஓடினால் விளக்கு மங்கலாக எரியக்கூடும். அந்த மங்கலை எரிவதாகக் கணக்கெடுக்காதீர்கள்.

இதுவரைக்கும் சரி. சிக்கல், பொயின்ற்றுக்குள் பாலம் போட்ட வீடுகளில்தான். பிறிஜுக்கு எர்த் தேவைப்பட்டிருக்கும்; சுவரை வெட்டிப் பச்சைக் கம்பி இழுக்கப் பஞ்சிப்பட்டு, நியூற்றல் ஆணியிலிருந்து எர்த் ஆணிக்கு இரண்டு அங்குல வயர்த் துண்டைக் கொளுவிவிட்டுப் போயிருப்பார்கள். ரெஸ்ரரைச் செருகினால் விளக்குகள் அழகாக 'சரி' என்று காட்டும். ஆனால் தென்னோலை விழுந்து தெருக் கம்பியில் நியூற்றல் மட்டும் அறுந்தாலும், மெயின் சுவிச்சில் நியூற்றல் ஆணி தளர்ந்தாலும், பிறிஜின் உடம்பு முழுக்க 230 வோல்ற் வந்து நிற்கும். அப்போது ரிப் சுவிச்சை விழுத்தப்போவது தொடுகிறவரின் உடம்புதான். ரிப் சுவிச்சே இல்லாத வீட்டில் அதுவும் இல்லை.

இந்தப் பாலத்தைப் பிடிப்பதற்குத்தான் பட்டன். முதலில் ரிப் சுவிச்சில் உள்ள 'ரி' (T) என்ற சோதனைப் பட்டனை அமத்துங்கள், விழவேண்டும். விழுந்தால் அந்த இயந்திரம் வேலை செய்கிறது, அவ்வளவுதான். எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது விழும், ஏனென்றால் அந்தச் சோதனைக் கரண்ட் உள்ளே இருக்கும் தடையி வழியாகவே சுற்றி வருகிறது, எர்த் பக்கம் போவதே இல்லை. 'மாதம் ஒருக்கா ரி பட்டன் அமத்திப் பார்க்கிறோம், எர்த் நல்லாயிருக்கு' என்று நினைப்பது பரவலான பிழை.

பிறகு ரெஸ்ரரைப் பொயின்ற்றில் செருகி, விளக்குச் சரியென்று காட்டினால் மட்டும், அதன் பட்டனை ஒன்றிரண்டு செக்கன் அமத்துங்கள். சுமார் 7,500 ஓம் தடையி வழியாக ஏறக்குறைய 30 மில்லி அம்பியர் லைனிலிருந்து எர்த்துக்குப் போகும். உண்மையாகவே நிலத்துக்குப் போனால் ரிப் சுவிச் விழும். பாலம் போட்ட பொயின்ற்றில் அந்தக் கரண்ட் நியூற்றல் வழியாகவே ரிப் சுவிச்சுக்குத் திரும்பிவிடும். போனதும் வந்ததும் சமம், ஆகவே விழாது. விளக்குச் சரி, ரி பட்டனும் சரி, ஆனால் ரெஸ்ரர் பட்டனுக்கு விழவில்லை என்றால் பாலத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ரிப் சுவிச்சை நிற்பாட்டினால் அந்தப் பொயின்ற்றில் கரண்ட் நிற்கிறதா? சுவிச்சின் முகத்தில் 30 மில்லி அம்பியர் என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா? 100 என்றால் இந்தப் பட்டனுக்கு விழாது. அந்தச் சுவிச்சையே மாற்ற வேண்டியதுதான். இரண்டும் சரியாக இருந்தால் மெயினை நிற்பாட்டிவிட்டுப் பொயின்ற்றைக் கழற்றிப் பாருங்கள்.

பட்டன் அமத்தும் நேரம் பிறிஜ், தண்ணி மோட்டர், வோஷிங் மெசின் எதையும் யாரும் தொட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. எர்த் பாதிவழியில் அறுந்திருந்தால் அந்த 30 மில்லி அம்பியருக்கு வேறு வழி தொடுகிறவர்தான். விளக்கு 'எர்த் இல்லை' என்று காட்டினால் பட்டன் பக்கமே போக வேண்டாம்.

சதுரக் கால் பிளக்கை நாட்டின் தரமாக 2016இல் அறிவித்தாலும், எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்டத் துளைப் பொயின்ற்கள்தான் இன்னும் அதிகம். அவற்றில் இந்த ரெஸ்ரரைச் செருக அடப்ரர் வேண்டும். மலிவான அடப்ரர்கள் பலவற்றில் எர்த் கால் வெறும் பிளாஸ்ரிக், அல்லது உள்ளே தகடு தொடாது. மல்ற்றிமீற்றரை ஓமில் வைத்து எர்த் துளைக்கும் எர்த் காலுக்கும் இடையில் அளந்து, 1 ஓமுக்குக் குறைவாக இருந்தால் மட்டும் அந்த அடப்ரரை நம்புங்கள். இல்லாவிட்டால் வீடு முழுக்க எர்த் இல்லையென்று பொய்ப் பயம் வரும்.

இனி, இந்தச் சாமானால் முடியவே முடியாத வேலை: எர்த் கோலின் தடையை அளப்பது. விளக்கு எரிய ஒரு மில்லி அம்பியர் அளவு போதும். ஆகவே 5 ஓம் எர்த்தும் 1,000 ஓம் எர்த்தும் அதற்கு ஒன்றுதான். எங்கள் வீடுகளில் எர்த் என்பது வளவில் அடித்த சொந்தக் கோல். 100 ஓம்-மீற்றர் தடைத்திறன் உள்ள மண்ணில் 1.2 மீற்றர் நீள அரை அங்குலக் கோல் ஒன்று கணக்குப்படி சுமார் 75 ஓம் தரும். 230ஐ 75ஆல் வகுத்தால் 3 அம்பியர் சொச்சம். 5 அம்பியர் பியூஸ்கூடப் போகாது. 'எர்த் இருக்கு, ஷோர்ட் ஆனால் பியூஸ் போயிடும்' என்ற நம்பிக்கை இதில் உடைகிறது. உயிரைக் காப்பது ரிப் சுவிச். 30 மில்லி அம்பியருக்குக் கணக்கில் 1,667 ஓம்வரை இடமுண்டு. ஆனால் 200 ஓமைத் தாண்டிய எர்த் நிலையாக நிற்காது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுன்னாகம், உரும்பிராய்ச் செம்மண்ணில் கோல் இறங்கும். தெல்லிப்பழை, காங்கேசன்துறைப் பக்கம் கொஞ்சம் போனதும் சுண்ணக்கல் தட்டும். மிச்சக் கோலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் சீமெந்தால் மூடிவிடுவதும் நடக்கிறது. மணற்காட்டு மணலிலோ கோல் சுகமாக இறங்கும், கோடையில் மணல் காய்ந்ததும் தடை ஏறிவிடும். கல் தட்டினால் ஆழத்துக்குச் சண்டை பிடிக்காமல், அரை மீற்றர் ஆழத்தில் நீளவாட்டில் வாய்க்கால் வெட்டிச் செப்புத் தகட்டைக் கிடையாகப் போட்டு மூடலாம். கிணற்றடித் தண்ணி வாழைக்கு ஓடுகிற இடம் அதற்குத் தோதானது. உப்புப் போடாதீர்கள்: எர்த் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கிளம்பை அரிக்கும், கழுவுப்பட்டுக் கிணற்றுக்கும் போகும். பழைய எர்த் இரும்புத் தண்ணிக் குழாயில் கட்டியிருந்தால், அந்தக் குழாய் பிறகு பி.வி.சி ஆக மாறியதா என்று முதலில் பாருங்கள்.

தடையை அளக்க எர்த் மீற்றர் உள்ள எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள், அதுவும் ஆவணியில். மாரியில் எல்லாக் கோலும் நல்ல கோல்தான். 100 வோட் குண்டு பல்ப்பை லைனுக்கும் எர்த்துக்கும் கொடுத்து வெளிச்சம் பார்க்கும் பழைய முறை ரெஸ்ரரைவிட உண்மை பேசும் என்பது சரி. ஆனால் 75 ஓம் கோலில் எர்த் கம்பி கிட்டத்தட்ட 30 வோல்ற்றுக்கு ஏறும், 300 ஓம் கோலில் 80ஐத் தாண்டும். அந்த நேரம் வீட்டில் உள்ள பிறிஜ், மோட்டர் எல்லாவற்றின் உடம்பிலும் அதே வோல்ற் நிற்கும். வேண்டாம்.

வாங்கும்போது 230 வோல்ற் என்று அடித்திருக்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ற் நாடுகளுக்குச் செய்தது இங்கே எரிந்துபோகும். எர்த் கால் முழுப் பித்தளையாக இருக்கட்டும். விளக்கு அட்டவணை ஒட்டுத்தாளாக இருந்தால் வியர்வையில் உரிந்துவிடும், அச்சடித்ததே மேல். கடையிலேயே செருகிக் காட்டச் சொல்லுங்கள். கடைப் பொயின்ற்றே எர்த் இல்லையென்று காட்டினால், ரெஸ்ரர் பழுதென்று திருப்பிக் கொடுக்க முன் வேறொரு பொயின்ற்றிலும் போட்டுப் பாருங்கள்.