இல்லாத பாலிப்புக்கு பில்: கொலோனோஸ்கோபி செய்துகொள்பவர்கள் கவனிக்க

அமெரிக்காவில் இருப்பவர்களில் முன்பு ஒருமுறை குடலில் பாலிப் (உள்சுவரில் வளரும் சிறு சதை வளர்ச்சி) எடுத்தவர்கள், அடுத்த கொலோனோஸ்கோபிக்கு, அதாவது கேமரா குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் பரிசோதனைக்கு, போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது உங்களில் யாருக்கும் நடக்கலாம்.

2021இல் எனக்கு மூன்று சிறிய அடினோமா (பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய வகை) பாலிப்களை எடுத்தார்கள். புற்றுநோய் எதுவும் இல்லை. மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதன்படி 2025 தொடக்கத்தில் செய்துகொண்டேன். குடல் சுத்தமாக இருந்தது, ஒரு பாலிப்கூட இல்லை, பயாப்ஸியும் (சோதனைக்குத் திசு மாதிரி) எடுக்கவில்லை. டாக்டரின் அறிக்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது. தேதி வாங்கும்போது, "இது பிரிவென்டிவ்தான் (தடுப்புப் பரிசோதனை), நீங்கள் எதுவும் கட்ட வேண்டியிருக்காது" என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

பிறகு வந்த பில்களைக் கூட்டினால் ஆயிரம் டாலரைத் தாண்டியது. டாக்டருக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று, மயக்க மருந்து கொடுத்த நிறுவனத்துக்கு ஒன்று. மூன்றையும் இன்சூரன்ஸ் என் டிடக்டிபிளில், அதாவது இன்சூரன்ஸ் கட்டத் தொடங்கும் முன் நானே கட்ட வேண்டிய தொகையில், போட்டிருந்தது. இன்சூரன்ஸுக்கு எந்த நோய்க் கோடு (code, நோயைக் குறிக்கும் குறியீடு) போட்டு அனுப்பினீர்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் கோடாக கே63.5. பெருங்குடலில் பாலிப் இப்போது இருக்கிறது என்பதற்கான கோடு அது! எதுவுமே இல்லை என்று டாக்டர் எழுதிய அதே பரிசோதனைக்கு இப்படி.

எடுத்து முடிந்துபோன பாலிப்புக்கு ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் தனிக் கோடு இருக்கிறது. முன்பு எல்லாருக்கும் ஒரே கோடு, இசட்86.010. 2024 அக்டோபர் 1 முதல் அதை நான்காகப் பிரித்துவிட்டார்கள். அடினோமா, செரேட்டட் வகை இருந்தவர்களுக்கு இசட்86.0101, ஹைப்பர்பிளாஸ்டிக் வகைக்கு 0102, மற்ற வகைகளுக்கு 0109, வகை தெரியாவிட்டால் 0100. என் பழைய பயாப்ஸி அறிக்கை அவர்களிடமே இருக்கிறது, அதில் அடினோமா என்று தெளிவாக இருக்கிறது. ஆகவே ஸ்கிரீனிங்குக்கான (அறிகுறி எதுவும் இல்லாதபோதே செய்யும் பரிசோதனை) இசட்12.11 முதலிலும், இசட்86.0101 அடுத்ததாகவும் வந்திருக்க வேண்டும். பாலிப் எடுத்தவர்களுக்குச் செய்யும் கண்காணிப்புக் கொலோனோஸ்கோபியும் ஸ்கிரீனிங்தான் என்று அமெரிக்க மருத்துவமனைகள் சங்கத்தின் கோடிங் வழிகாட்டி 2017இலேயே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியின் கணினி டாக்டரின் அறிக்கையைப் படிப்பதில்லை, கோடைத்தான் பார்க்கிறது. கே63.5 முதலில் இருந்தால் இது நோய்க்கான பரிசோதனை என்று எடுத்துக்கொண்டு டிடக்டிபிளில் தள்ளிவிடும்.

பில்லிங் அலுவலகத்தில் பேசியது அதைவிட மோசம். "உங்கள் ரெக்கார்டில் பாலிப் என்று இருக்கிறது, சிஸ்டம் அதை எடுத்துக்கொள்ளும்" என்றார் ஒருவர். இன்னொருவர், பணம் கட்டாவிட்டால் கலெக்ஷனுக்கு (கடன் வசூல் நிறுவனத்துக்கு) போய்விடும் என்றார். நோயாளி பயந்து கட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தே இப்படிப் பேசுகிறார்கள். எனக்கு இதில் கோபம் அதிகம், ஏனென்றால் வயதானவர்கள் பலர் கேள்வி கேட்காமல் கட்டிவிடுகிறார்கள்.

தொகையை மட்டும் காட்டும் பில்லை வைத்து எதுவும் செய்ய முடியாது. இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு அவர்கள் அனுப்பிய கிளெய்ம் படிவத்தின் நகலைக் கேளுங்கள். டாக்டர் அனுப்பும் படிவத்தில் 21ஆம் பெட்டியில் நோய்க் கோடுகள் இருக்கும். பாலிப்போ பயாப்ஸியோ எடுக்காத கொலோனோஸ்கோபி என்றால் செயல்முறை எண் 45378 ஆக இருக்கும். தனியார் இன்சூரன்ஸில் அதோடு 33 என்ற மாடிஃபையரும் (எண்ணோடு சேர்க்கும் கூடுதல் குறி) வேண்டும், தடுப்புப் பரிசோதனை என்று காட்டுவது அதுதான். பிறகு டாக்டரின் அறிக்கையை இணைத்து, கிளெய்மைத் திருத்தி மறுபடி அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதற்கு மதிப்பே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நீங்களும் மேல்முறையீடு செய்யலாம், மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. மருத்துவப் பதிவில் தவறு இருந்தால் ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி திருத்தக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. அவர்கள் 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், ஒருமுறை மட்டும் 30 நாள் நீட்டிக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பழைய பாலிப்பை மறைத்து வெறும் ஸ்கிரீனிங் என்று போடச் சொல்லாதீர்கள். அது பொய்க் கிளெய்ம் ஆகிவிடும், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்ற கணக்கும் குழம்பிவிடும். இன்னொன்று, கோடு சரியாக இருந்தாலும் சில பிளான்கள் கண்காணிப்புப் பரிசோதனைக்குப் பணம் கேட்கின்றன. இசட்12.11, இசட்86.0101 என்று இரண்டு கோடுகளையும் சொல்லி, உங்கள் பிளானில் எவ்வளவு வரும் என்று முன்பே கேட்டு, அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர், மருத்துவமனை பில்கள் திருத்தப்பட்டு, இன்சூரன்ஸ் முழுவதையும் கட்டிவிட்டது. மயக்க மருந்து நிறுவனம் மட்டும் இன்னும் பழைய கோடைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.