மூணு மாச டெஸ்டும் பால் கணக்கு நோட்டும்

"வழக்கமா சுகர் எவ்வளவு சார் இருக்கும்?" என்று மதுரை லேபில் அந்தப் பெண் கேட்டதும், "காலையில ஒன்பது" என்று சொல்லிவிட்டேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர். ஒன்பது இருக்கிற ஆள் நாற்காலியில் உட்கார்ந்து பேச முடியாது. தப்பு என் மேல்தான். நான் குடியிருக்கும் இங்கிலாந்து பர்மிங்ஹாமில் சர்க்கரையை மில்லிமோலில் சொல்வார்கள், இங்கே மில்லிகிராமில். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம்மூர் எண் வந்துவிடும். ஒன்பது என்றால் 162.

கடந்த மூணு மாசத்துச் சராசரி சர்க்கரையைக் காட்டுவதால் மூணு மாச டெஸ்ட் என்று எல்லாரும் சொல்கிற எச்பிஏ1சியில் குழப்பம் இன்னும் பெரிது. இங்கிலாந்தில் எனக்குக் கடைசியாக வந்தது 58. அதுவே இங்கே 7.5 சதவீதம். அங்கத்து 48 இங்கே 6.5, அங்கத்து 53 இங்கே 7. என்னைப் போல ரெண்டு ஊர் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வைத்திருப்பவர்கள் இதை அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மற்றபடி லேப் விஷயத்தில் மதுரையை அடித்துக்கொள்ள முடியாது. காலை ஆறரைக்கு ஷட்டர் தூக்குகிறார்கள். சீட்டு வேண்டாம், அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், இட்லி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று, மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் ரிசல்ட். நான் இருக்கும் ஊரில் டாக்டரிடமிருந்து படிவம் வர வேண்டும், அப்புறம் தேதி கிடைக்க வேண்டும். காசு கொடுக்க வேண்டாம்தான். ஆனால் அவசரமும் கிடையாது.

இந்தத் தடவை வந்தது சித்திரைத் திருவிழாவுக்கு. கூடவே ஒரு வேலையும் இருந்தது. அம்மாவுக்கு 74 வயது, சுகர் வந்து பதினெட்டு வருஷம். போனில் கேட்டால் எப்போதும் "நார்மல்தான்யா" என்பார். வெறும் வயிற்று ரிப்போர்ட்டைப் பார்த்தால் 118, 121 என்று அழகாகத்தான் இருக்கும். தெப்பக்குளம் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் கூட இருந்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் பத்தியம். ராத்திரி ரெண்டே இட்லி, காபியில் சீனி கிடையாது. பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற பையன் மாதிரி. மூணு மாச டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். 9.2 வந்தது. ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைக் கணக்கிடுவதால் அந்த டெஸ்டை ரெண்டு நாள் பத்தியத்தால் ஏமாற்ற முடியாது. அம்மா அரை நாள் என்னோடு பேசவில்லை.

அம்மாவிடம் வீட்டிலேயே விரலைக் குத்திச் சுகர் பார்க்கிற மிஷினும் உண்டு, தம்பி வாங்கிக் கொடுத்தது. பழைய பால் கணக்கு நோட்டில் எண்களை எழுதி வைத்திருந்தார். 142, 263, 97, 210. எப்போது எடுத்தது, என்ன சாப்பிட்டார், ஒன்றும் கிடையாது. ஒரு மத்தியானம் திடீரென்று 318 காட்டியது. வீடே பதறிவிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பேரப்பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்திருந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி குத்திப் பார்த்தால் 174. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறுதான் அந்த 318. மிஷினில் பத்து பதினைந்து சதவீதம் முன்னேபின்னே இருப்பது சகஜம், ஆனால் மாம்பழச் சாறு அந்தக் கணக்கில் வராது. ரத்தச் சொட்டை வைக்கிற ஸ்ட்ரிப் டப்பாவும் மூடியில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. ஸ்ட்ரிப்புக்குச் சூடும் ஈரமும் ஆகாது.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். டோக்கன் 43. ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம், உள்ளே மூன்று நிமிஷம். "ஏறியிருக்கே பாட்டிம்மா" என்றார் டாக்டர். ஒரு மாத்திரையைக் கூட்டினார். கூடவே ஆங்கிலத்தில் அச்சடித்த உணவுத் தாள் ஒன்று தந்தார்கள். ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய். "ப்ரோக்கோலின்னா என்னய்யா?" என்று ஆட்டோவில் அம்மா கேட்டார். நான் "பச்சைக் காலிஃபிளவர்" என்றேன். இட்லி எத்தனை, கஞ்சி குடிக்கலாமா, தேங்காய்ச் சட்னி கூடுமா என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

கூட்டியது கிளிமிபிரைடு. கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். அம்மா பிரதோஷத்துக்கு விரதம் இருப்பவர். மாத்திரையையும் போட்டுவிட்டு விரதமும் இருந்தால் என்ன ஆகும் என்று கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை. அந்தப் பிரதோஷத்தன்று சாயங்காலம் நாலு மணிக்கு வேர்த்து, கை நடுங்கி, 61. மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தோம். 88. அப்புறம் ரெண்டு இட்லி. கிளினிக்குக்குப் போன் போட்டதற்கு, அடுத்த விசிட்டில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். வேறொரு டாக்டரிடம் காட்டினோம். அவர் விரத நாள் கதையைக் கேட்டுவிட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்கள் கூட்டம் முன்பைவிட அதிகம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நாலு சுற்று நடந்துவிட்டு ரெண்டு வடையும் டீயும் அடிக்கிற நண்பர் குழாமும் அப்படியே இருக்கிறது. குடை போட்டு ஒரு மேஜை, 'இலவச சுகர் டெஸ்ட்' என்று பேனர். நானும் விரலை நீட்டினேன். 187 என்று துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு விளம்பர நோட்டீஸையும் சேர்த்துக் கொடுத்தார் அந்தப் பையன். சாப்பிட்டாச்சா, டீ குடிச்சாச்சா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் தன் சீட்டைப் பார்த்துவிட்டு, "பார்டர்தான்" என்று நிம்மதியாகப் போனார்.

இந்த 'பார்டர்' என்ற சொல் என் தம்பியிடமும் உண்டு. வெறும் வயிற்றில் 114, மூணு மாச டெஸ்ட் 6.1. வியாதி இல்லை என்று சான்றிதழ் வாங்கின மாதிரி பேசுகிறான். இவனைப் போல எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை வைத்து, சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு மூன்று வருஷம் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டது. ஒன்றுமே செய்யாமல் விட்டவர்களில் பாதிக்கு மேல், 55 சதவீதம் பேர், சர்க்கரை நோயாளி ஆகிவிட்டார்கள். நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் பலன். தம்பியிடம் சொன்னேன். "அப்ப மாத்திரையே போட்டுக்கிறேண்ணே" என்கிறான்.

இத்தனை நாளில் சரியான கேள்வி கேட்ட ஒரே ஆளைச் செக்கானூரணிப் பக்கம் பெரியம்மா வீட்டில்தான் பார்த்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அந்த ஊர்ப் பெண் ஒருவரே மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பிரஷர் பார்த்தார், விரலைக் குத்தினார், 236. உடனே, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீக அப்பத்தா?" என்றார். பெரியம்மா பெருமையாகக் கேப்பைக் கூழ் என்றார், சுகருக்கு நல்லதாமே என்று. "எம்புட்டு?" ஒரு சட்டி. "கூழும் மாவுதான அப்பத்தா. கரைச்சுக் குடிச்சா சட்டுனு ஏறும். ஒரு கிண்ணம் போதும், கூட கீரையை அள்ளி வச்சுக்கங்க." வேலை முடிந்து ஒரு வாய் மோர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் இந்தப் பயணத்தில் கொடுத்த எந்த ஃபீஸுக்கும் இப்படி ஒரு ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

கால் சமாச்சாரத்தையும் சொல்ல வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் உச்சி வெயில். கல் கொதிக்கிறது, நான் தேங்காய் நார் விரிப்பைத் தேடி ஓடுகிறேன். அம்மா நிதானமாக வெறுங்கல்லில் நடந்து வருகிறார். "எனக்கு ஒண்ணும் சுடலையே." பழகின கால் என்று மெச்சிக்கொண்டேன். ராத்திரி பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம், நாலணா அகலத்துக்கு. சுடாதது பழக்கத்தால் இல்லை, நரம்பு மரத்ததால். மறுநாள் பாத சிகிச்சைக்கென்றே இருக்கும் ஒரு டாக்டர் நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பத்து இடம் தொட்டுப் பார்த்தார். அதில் நாலு இடம் அம்மாவுக்குத் தெரியவேயில்லை. பர்மிங்ஹாமில் எனக்கு வருஷா வருஷம் செய்கிற சோதனை இது. பதினெட்டு வருஷத்தில் அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொன்ன முதல் டாக்டர் அவர்தான். கொப்புளத்தை உடைக்கக் கூடாது, தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு. "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறார். கோயிலுக்கு இனி விடிகாலையில்தான் போவது என்று முடிவு.

கண்ணுக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு மதுரையில் ஆரம்பித்தது. சொட்டு மருந்து ஊற்றி விழித்திரையைப் பார்த்தார்கள். கண் கூசும், கூட ஒரு ஆள் போவது நல்லது.

சாப்பாட்டில் பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. நாலு இட்லி மூன்றானது. இட்லிக்கு முன்னால் ஒரு கிண்ணம் காய், சாப்பிட்டு முடித்ததும் தெருவில் பதினைந்து நிமிஷம் நடை. பழைய வழக்கப்படி சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்தில் 228, மாற்றிய பிறகு 176, 181. அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தது என் புத்திமதி இல்லை, அந்த எண்கள்தான். சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறப் பார்த்தார். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை அவரே குத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

கிளம்புமுன் பால் கணக்கு நோட்டில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, மணி, சாப்பிட்டது, எண். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நோட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். மூன்றாவது வரியில் 231. அதற்குப் பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்து: 'பணியாரம், 6. வீட்டுக்கு ஆள் வந்திருந்தாங்க.'